மூன்றாம் அலமாரிக்குப் புது லேபல்

காலையில் கதவைத் திறந்தால்
முதலில் வருவது சாராய வாடை.
குடித்தது நானல்ல, மீன்கள்.
முப்பது வருடமாகக் குடிக்கின்றன,
எழுபது சதவீதம், தண்ணீர் கலந்து.

தெலுக் பாஹாங்கில்
101-ஆம் பேருந்து திரும்பும் இடத்துக்கு அப்பால்
இந்தக் கூடம்.
இன்றைக்கு மூன்றாம் அலமாரி.
டாக்டர் ஹயாத்தி வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார்:
பழையதைச் சுரண்டு, புதியதை ஒட்டு.
பவளப்பாறை இடுக்கில் குடியிருந்த
சுண்டுவிரல் மீன்கள்,
நூற்றுப் பன்னிரண்டு புட்டி.

பழைய லேபல் பெர்ச் வரிசை என்கிறது.
அது வரிசையே இல்லை.
வீட்டில் ஓர் இழுப்பறை இருக்குமே,
செத்த பேட்டரி, கல்யாணப் பத்திரிகை,
எதிலிருந்து கழன்றதென்று தெரியாத திருகாணி,
அந்த மாதிரி.
முதுகில் முள் இருந்தால் போதும்,
உள்ளே போட்டு மூடிவிடலாம்.

நானும் முள் எண்ணித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.
ஊசி நுனியால் துடுப்பை விரித்து
விளக்குக்கு அடியில்
முள் மூன்று, கதிர் இருபத்தாறு.
கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை:
இருபத்தேழு.
கடைசிக் கதிர் அடிவரை பிளந்திருந்தால்
ஒன்றா இரண்டா என்பதில்
இரண்டு பேராசிரியர்களுக்குப் பேச்சே நின்றுபோனது.

நிறத்தை நம்பக் கூடாது.
புட்டிக்குள் ஊதா ஒரு வாரத்தில் வைக்கோலாகும்,
மஞ்சள் அதற்கும் முன்னால்.
உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன,
பக்கத்துப் பாறையில் மஞ்சள் மீன் என்றால்
இதுவும் மஞ்சள்,
பழுப்பு என்றால் பழுப்பு,
நம்பி ஒதுங்கும் குஞ்சைக் கவ்வும் வரைக்கும்.
இந்த ஒரு மீனுக்கு
ஊருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்.
பிறகு ஒவ்வொன்றாக அடித்தார்கள்.

பத்தரைக்குக் குணாளன் வந்தான்,
படகிலிருந்து நேராக, ஐஸ் பெட்டியோடு.
"பசியாறியாச்சா அக்கா?"
புது லேபலை எடுத்து எழுத்துக் கூட்டினான்.
இன்செர்ட்டே செடிஸ்.
லத்தீன், என்றேன். இடம் நிச்சயமில்லை.
குடும்பம் தெரியும்.
பெரிய கூட்டம் எதுவென்று தெரியும்.
நடுவில் எங்கே உட்காரவைப்பது என்றுதான்.
"நம்ம ஐசி" என்று சிரித்தான்.

அவனுடையது சிவப்பு.
பாலிக் பூலாவில் பிறந்தவன்,
பிறப்புப் பத்திரம்தான் பிறக்கவே இல்லை.
ஐந்து முறை மனு. அதே நாற்காலி.
கண்ணாடிக்குப் பின்னால் வேறு வேறு முகம்.
நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
பிளேடு மழுங்கியிருந்தது, மாற்றினேன்.

"அப்ப எதை வச்சு ஒரே கூட்டம்னாங்க?"
மரபணுவில் பார்த்தார்கள்,
முட்டையிலும் பார்த்தார்கள்.
பலதில் முட்டைக்கு ஒட்டுகிற நூல் உண்டு.
ஒன்று பாறையில் ஒட்டவைக்கும்,
ஒன்று உருண்டையாக்கி வைக்க
அப்பன் காவல் கிடக்கும்.
தாடைமீன் வாயிலேயே அடக்கிக்கொள்ளும்;
பசித்தால் வளைக்குள் இறக்கிவைத்துவிட்டு
ஒரு வாய் தின்றுவிட்டு ஓடிவரும்.
சந்தையில் கிலோக் கணக்கில் விற்கிற மடவைகூட
இந்தச் சொந்தம்தான்.
"மடவையுமா!"
அதற்குத்தான் அதிகம் ஆச்சரியப்பட்டான்.

பெட்டியைத் திறந்தான்.
ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் கடல்,
அதில் ஒன்று,
கண்ணுக்குக் கீழே நீலக் கோடு.
பூலாவ் கெண்டிப் பக்கம், நேற்று சாயங்காலம்.
எண்ணினேன். எண்ணினேன்.
எந்தப் புத்தகத்தோடும் ஒட்டவில்லை.

சீட்டை பென்சிலால்தான் எழுத வேண்டும்,
மை என்றால் சாராயம் கழுவிவிடும்.
இடம். ஆழம். தேதி.
பிடித்தவர்:
குணாளன் த/பெ இருளப்பன்.
ஐசி எண்ணுக்கு அதில் கட்டம் இல்லை.
அவன் குனிந்து பார்த்து
"ள்-ஆ அது, ல்-ஆ?" என்றான்.
கொம்பை அழுத்திப் போட்டேன்.

இன்னும் எழுபத்தொரு புட்டி.
விரலெல்லாம் பழைய பசை.